தானாய் நூருற பெட்டி

திரும்பவும் கதவைத் திறந்து பார்க்கிறார் மனுசன். என்ன இருக்கப்போகுது உள்ளுக்க, முந்தித் திறக்கேக்க இருந்த அதே கம்பித் தட்டும் அதே தண்ணிக் கிண்ணமும்தான், அதுக்கிடையில ஆராவது குடிவந்திருக்கப் போயினமோ. திறக்கிறார், சாத்திறார், சாத்திப்போட்டு ரெண்டடி பின்னுக்குப் போய் நிண்டு, பொம்பிளை பார்க்க வந்த வீட்டார் மாதிரித் தலையைச் சரிச்சுப் பார்க்கிறார். வெறும் கறுப்புப் பெட்டி. சின்ன ஃபிரிட்ஜ் அளவுதான் வரும். கரண்டில கொழுவினால் சூடாகுமாம், பக்கத்தில இருக்கிற குழாய்க்குள்ள மரச்சீவலைப் போட்டால் அது கனிஞ்சு புகை வருமாம், இறைச்சியை உள்ளுக்க அடுக்கிக் கதவைச் சாத்திப்போட்டு நாங்கள் எங்கட அலுவலைப் பார்க்கலாமாம், நேரம் முடிய அது தன்ர பாட்டில நூந்துபோகுமாம், ஆள் நிண்டு அணைக்கத் தேவையில்லையாம். இந்தக் கதையை நான் கோடை தொடங்கினதிலயிருந்து கேக்கிறன். சாப்பிடேக்க ஸ்மோக்கர், கோயிலால வரேக்க ஸ்மோக்கர், பக்கத்து வீட்டுச் சீனனோட வேலிக்கு மேலால கைப்பாசையில ஸ்மோக்கர். யூரியூப்பில ஒரு தாடிக்காரன் மாட்டு நெஞ்சைப் புகையில வைச்சு எடுத்து வெட்டிக் காட்டுவான், மாடு சாப்பிடாத மனுசன் அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார். எழுபது வயசில என்ன கண்டறியாத ஆசையப்பா. எனக்குக் கால் உளையுது. தோட்டத்தில போடுற கதிரையளை விக்கிறதுக்கு வரிசையாய் வைச்சிருக்கிறாங்கள், அதில ஒண்டில விலை மட்டையைத் தூக்கிப் பின்னால போட்டிட்டு இருக்கிறன். எழுப்பினால் எழும்பிறது.

அதுவும் எந்த நேரத்தில. நல்லூரில கொடி ஏறிப்போச்சு. கொடி ஏறினால் தீர்த்தம் முடியுமட்டும் இருபத்தைஞ்சு நாளும் எங்கட வீட்டில மச்சம் இல்லை, மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டை போட்ட கேக்கும் இல்லை. ஸ்காபரோவுக்கு வந்து இத்தனை வருசத்தில ஒருக்காலும் பிசகினதில்லை. மச்சச் சட்டியளைக் கழுவி வெய்யிலில காயவிட்டுக் கராஜில கவிட்டாச்சு. அங்க பின்னேரம், எங்களுக்குக் காலமை, ரீவியில திருவிழா போகுது, முருகன் வெளிவீதிக்கு வாற நேரம் நான் தலைக்குத் தோய்ஞ்சுபோட்டுக் கைகூப்பிக்கொண்டு நிக்கிறன், இவர் பின்னால நிண்டு சொல்லுறார், "புவனம், கடை திறந்திருக்கும், வெளிக்கிடும்" எண்டு. முருகனுக்கு முன்னால. மலிவு விலை இண்டையோட முடியுதாம், நல்லூர் முடியுமட்டும் நிண்டால் மலிவும் போயிடும் வெய்யிலும் போயிடுமாம். இப்ப நெத்தி முட்டத் திருநீறோட இறைச்சி வாட்டுற பெட்டிக்குக் காவல் இருக்கிறன், தெரிஞ்ச சனம் கண்டால் ஒரு கிழமைக்குக் கதைக்கும். சரி, வாங்கி வைக்கிறது குற்றமில்லை எண்டு வைப்பம். ஆனால் அந்த ஆட்டுத்தொடை. அதை என்னெண்டு எடுக்கிறது. காலமை முருங்கையிலைப் பக்கற்றை எடுப்பம் எண்டு ஃபிரீசரைக் கிண்டினால், எல்லாத்துக்கும் கீழ, பேப்பர் சுத்தின ஒரு முழு ஆட்டுத்தொடை. கடைக்காரன் ஒட்டின திகதி கொடி ஏறின பிறகு. நல்லூர் வீதியில ஓடித் திரிஞ்சு வளந்த மனுசன், கொடி ஏறினபிறகு ஆடு வாங்கி வந்து எனக்குத் தெரியாமல் முருங்கையிலைக்குக் கீழ தாட்டு வைச்சிருக்கிறார். அந்த இறைச்சிக் கடை ஊருக்கு வெளியில கிடக்குது, கண் ஒப்பரேசனுக்குப் பிறகு லைசென்சையும் குடுத்திட்டார், பஸ் மாறிப் பஸ் மாறிப் போயிருக்கிறார் போல. ஒண்டு மட்டும் சொல்லவேணும், வடிவாய் வெட்டுவிச்சிருக்கிறார், மூட்டில ஒரு வெட்டு, மற்றப்படி முழுசு, நான் வெட்டுவிக்கிற மாதிரி. முந்தியெண்டால் கடைக்காரன் எலும்பையும் சவ்வையும் கொத்திப் போட்டாலும் சிரிச்சுக்கொண்டு வாங்கி வருவார். ஆசையில ஒளிச்சு வைச்சாரோ, இல்லாட்டிக் கொடி ஏறினதையே மறந்துபோய் வாங்கிப்போட்டுப் பிறகு நினைவு வந்து ஒளிச்சாரோ. ஆசை எண்டால் பறவாயில்லை. எனக்கு அதைத் தொட்ட கை விறைச்சுது, ஃபிரீசரை மூடின பிறகும் விறைப்புப் போகேல்லை. ஒண்டும் கேக்கேல்லை நான். என்ன பதில் வரும் எண்டு பயமாய்க் கிடந்துது.

இவருக்கு மறதி வந்திட்டுது. அதுதான் விசயம், வாய் விட்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை, எனக்குள்ளயே வைச்சுக்கொண்டு திரியிறன். கேட்டதையே கேக்கிறார். "மருந்து போட்டனீரோ" எண்டு காலமை கேப்பார், நான் ஓம் எண்டு சொல்லித் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைக்கிறதுக்கிடையில வந்து "மருந்து போட்டனீரோ" எண்டு திரும்பவும் கேப்பார். நான் என்ன பால்குடியோ. கார் ஓடேக்க பக்கத்தில இருந்துகொண்டு "இதில இடப்பக்கம், இனி நேர, பாலத்துக்குக் கீழால வலப்பக்கம்" எண்டு ஓதிக்கொண்டு வாறார். நான் இந்த ஊரில கார் ஓடத் தொடங்கேக்க மகள் வதனி பள்ளிக்கூடம், இப்ப அவளின்ர பிள்ளை பள்ளிக்கூடம், எனக்குப் பாதை சொல்லுறார். இண்டைக்கு வரேக்க கொதி வந்து, "உங்களுக்குச் சந்தேகம் எண்டால் இறங்கி நடவுங்கோ" எண்டு ஏசிப்போட்டன். யன்னலால வெளியில பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு அடுத்த சந்தியில மெல்லமாய், "இதில வலப்பக்கம்" எண்டார். பிறகு நான் யோசிச்சன், பாவம், தனக்கு மறந்துபோகாமல் இருக்கிறதுக்குத்தான் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாராக்கும் எண்டு. மறதிக்காரர் அப்பிடித்தானாம், வாய்க்குள்ள சொல்லிக்கொண்டே இருப்பினமாம், கோயிலில தங்கராணி சொன்னவ, அவவின்ர தமையனுக்கும் அப்பிடித்தான் தொடங்கினது. இப்ப பாருங்கோ, கடைப் பொம்பிளையை மறிச்சு வைச்சுக்கொண்டு, "இது தானாய் நிக்கும்தானே" எண்டு கேக்கிறார். வந்த உடன கேட்டது. பிறகு பக்கத்தில வைச்சிருக்கிற பெரிய ஸ்மோக்கரடியில நிண்டு கேட்டது. அவள் நல்ல மனுசி, முகம் சுழிக்காமல் திரும்பவும் சொல்லுறாள். சட்டையில சாவித்திரி எண்டு பேர் குத்தியிருக்குது, ஆனால் குயானாக்காரி, ஒரு சொல்லுத் தமிழ் தெரியாது. அவளுக்கும் இந்தக் கிழவனில சந்தேகம் வந்திருக்கும்.

எல்லாம் அந்த நண்டால வந்தது. இல்லை, நண்டு என்ன செய்யும். எங்கட வீட்டில மச்சம் கராஜிலதான் சமைக்கிறது, குசினிக்குப் பக்கத்தில சாமி அறை, அதோட மீன் பொரிச்சால் மாரிக் கோட்டு முழுக்க மணம் ஏறி பஸ்ஸில பக்கத்தில இருக்கிற வெள்ளைக்காரி எழும்பிப் போவாள். அதுக்காகக் கராஜில ரெண்டு வாய் காஸ் அடுப்பு, ஒரு பழைய மேசை, உப்புத் தூள் போத்திலுகள், ஒரு காத்தாடி. அது என்ர இடம். அண்டைக்கு நண்டுக் கறி. தேங்காய்ப்பால் விட்டுக் கொதிக்கத் தொடங்கினதோட ஊரிலயிருந்து தங்கச்சி போன் எடுத்தவள், அங்க சத்தம் விளங்காது எண்டு உள்ளுக்க வந்து கதைச்சுக்கொண்டிருந்தன். இவருக்குச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான், "இஞ்சாருங்கோ, பால் வத்தினால் நூத்துவிடுங்கோ" எண்டு. வடிவாய்ச் சொன்னனான், அந்தச் சொல்லு இப்பவும் வாயில கிடக்குது. பிறகு கதவிடுக்கால புகை, பிறகு சீனன் கேற்றடியில நிண்டு கத்திறான், பிறகு நெருப்பு அணைக்கிற வண்டி சங்கு ஊதிக்கொண்டு வந்து எங்கட வீட்டு வாசலில நிக்குது, ஒழுங்கை முழுக்கச் சனம். நண்டெல்லாம் கரி, சட்டி ஓட்டை, சுவர் கறுப்பு, மேல கட்டித் தொங்கவிட்ட பழைய தொட்டில் ஒரு பக்கம் பத்திப்போச்சு. தொப்பி போட்ட நெடுவல் ஒருத்தன் கேட்டான், ஆர் சமைச்சது எண்டு. நான் வாயைத் திறக்க முதலே இவர் முன்னுக்குப் போய் "நான்" எண்டார். ஒத்துக்கொண்டிட்டார், அதைச் சொல்லவேணும், வேற ஆம்பிளையள் எண்டால் மனுசியின்ர தலையில கட்டியிருப்பினம். அவன் நெருப்பைப் பற்றிப் பாடம் எடுத்தான், இவர் சின்னப் பெடியன் மாதிரிக் கேட்டுக்கொண்டு நிண்டார், கையில சந்தித் தபால் பெட்டியில எடுத்த கடை விளம்பரங்கள், அதைச் சுருட்டிச் சுருட்டிப் பிடிச்சுக்கொண்டு. விளம்பரம் ஏன் கையில. தபால் எடுக்கப் போனவர் எண்டால் எப்ப போனவர். நான் சொன்ன பிறகு போனவராக்கும், சொன்னதை மறந்துபோட்டுப் போயிருக்கிறார், அதுதானே மறதி எண்டுறது. ஆனால் நான் சொல்லேக்க இவர் எங்க நிண்டவர். கராஜிலயோ, படியிலயோ, குசினி வாசலிலயோ. சொன்னது நினைவிருக்குது, சொல்லேக்க நிண்ட முகம் நினைவில்லை. ஐயோ, அதுக்கென்ன இப்ப, மனுசன் தானே தன்ர வாயால ஒத்துக்கொண்டிட்டார், நான் ஏன் நிண்டு விளக்கம் வைக்கிறன். கால் உளைவில கண்டதையும் யோசிக்கிறன்.

கல்கரியிலயிருந்து வதனி போனில குளறினாள். சீனன் பெண்சாதி படம் பிடிச்சு ஃபேஸ்புக்கில போட்டிட்டாளாம், அப்பிடித்தான் அவளுக்குத் தெரியவந்தது, நாங்கள் சொல்லேல்லை. அடுத்த பிளேனில வந்து இறங்கினாள், காஸ் அடுப்பைக் கழட்டி ஆரோ பெடியனிட்டைக் குடுத்தாள், என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை, என்ர அடுப்பு. பிறகு மேசையில எங்கள் ரெண்டு பேரையும் எதிரில இருத்தி வைச்சுச் சொன்னாள், "அம்மா, அப்பா, இன்னொருக்கா இப்பிடி ஏதும் நடந்தால் வீட்டை வித்துப்போட்டு என்னோட வரவேணும், நான் பேஸ்மென்ற்றைத் திருத்தி வைச்சிருக்கிறன்" எண்டு. அன்பிலதான் சொல்லுறாள், தெரியும், அன்பில சொல்லுறதுக்கு மறுத்துக் கதைக்கவும் ஏலாது. அந்தப் பேஸ்மென்ற்றை நான் பார்த்திருக்கிறன். யன்னல் எண்டு ஒண்டு மேல கிடக்குது, அதால போற வாற ஆக்களின்ர கால்தான் தெரியும். ஒரு கதவுத் திறப்பு என்ர எண்டு சொல்ல இருக்காது. மருமகன் நல்லவர், ஆனால் மீன் மணத்துக்கு மெழுகுதிரி கொளுத்திற ஆள். என்ர கறிவேப்பிலை மரம் நாலு மாரி தாண்டிச் சாடியில நிக்குது, அதை ஆர் பிளேனில ஏத்துவினம். ஆனபடியால் ஒண்டும் நடக்கக்கூடாது, நடந்தாலும் வதனிக்குத் தெரியக்கூடாது. அதுக்குத்தான் நான் இவருக்குப் பின்னால பின்னால திரியிறன். படுக்கைக்குப் போக முதல் குசினி அடுப்பைப் பார்க்கிறது, தண்ணிக் குழாயைப் பார்க்கிறது, முன் கதவைப் பார்க்கிறது. பலநாள் நான் போய்ப் பார்க்கேக்க எல்லாம் பூட்டி நூத்து ஒழுங்காய்த்தான் கிடக்கும், இவர் எனக்கு முன்னமே பார்த்திருப்பார். தன்னில தனக்கே பயம் வந்திட்டுது போல. அதைப் பார்க்க எனக்கு எரிச்சலும் வரும், நெஞ்சுக்க ஒரு மாதிரியும் கிடக்கும்.

முந்தி ஒருக்கா நானும் எழும்பிப் போய் அந்தப் பெட்டியைப் பார்த்தனான், பார்க்காமல் இருக்கேல்லை. சாவித்திரிக்கு என்ர முறைப்பாட்டைச் சொன்னன். இதுக்குள்ள நண்டுக் கறி வைக்கலாமோ எண்டு கேட்டன். அவள் யோசிச்சுப்போட்டு, கறி வைக்கேலாது மேடம், ஆனால் நண்டைப் புகையில வைக்கலாம் எண்டாள். நண்டைப் புகையில வைச்சு என்ன செய்யிறது, ஆர் அதைச் சோத்தோட குழைக்கிறது. ஆட்டுக் குழம்பு இல்லை, மீன் குழம்பு இல்லை, கணவாய்ப் பிரட்டல் இல்லை. குழம்பு வைக்கேலாத அடுப்பை எங்கட சனத்தில ஆராவது காசு குடுத்து வாங்குமோ. விறகு வேற பக்கற்றில விக்கிறாங்கள், ஆப்பிள் மரமாம், செர்ரி மரமாம், பிடிச்ச மணத்தைத் தெரிவு செய்யட்டாம், சந்தனக்கட்டை வாங்க வந்த மாதிரி. இவர் சிரிச்சுக்கொண்டு, "நாங்களும் வேற மாதிரிப் பழகுவம் புவனம், தூள் பிரட்டி வைச்சிட்டு வந்து நீர் திருவிழா பார்க்கலாம்" எண்டார். திருவிழாக் காலத்தில ஆர் இறைச்சி வைக்கிறது எண்டு கேக்கத்தான் வாயில வந்தது, விழுங்கிப்போட்டன், கேட்டால் ஆட்டுத்தொடையில போய் முடியும். சரி, வாங்கிறது வாங்கிறியள், அந்தப் பெரிசை எடுங்கோவன் எண்டன். பெரிசில கண்ணாடிக் கதவு, உள்ளுக்க லைற், இவர் நூக்காமல் விட்டாரோ எண்டு நான் குசினி யன்னலாலயே பார்த்துக்கொள்ளலாம், அதைச் சொல்லேல்லை, கண்ணாடி வடிவு எண்டுதான் சொன்னன். சாவித்திரிக்குச் சந்தோசம் வந்திட்டுது. அது ரெலிபோனோடயும் சேருமாம், எவ்வளவு சூடு, கதவு திறந்ததோ, ஆராவது மறந்துபோய் விட்டிட்டினமோ எல்லாம் போனுக்கு வருமாம், உங்கட பிள்ளையள் எங்க இருந்தாலும் அவையின்ர போனுக்கும் போகுமாம் எண்டாள். இவரின்ர முகம் அப்பிடியே இறங்கிப்போச்சு. "வேண்டாம்" எண்டார். "அதைக் கொழுவாமல் விடலாம்தானே" எண்டன். "வதனி வந்து கொழுவிப்போட்டுப் போவாள், நீர் சும்மா இரும்" எண்டார். விளங்கிப்போச்சு எனக்கு. பிடிபட்டிடுவன் எண்டு பயம் மனுசனுக்கு. ஒவ்வொருக்கா மறக்கேக்கயும் கல்கரியில மணி அடிச்சால் பேஸ்மென்ற்தானே. சரி, நானும் உங்கட பக்கம்தான், சின்னதையே எடுத்துத் துலையுங்கோவன், அதை வாயால சொல்லாமல் ஏன் என்னை இந்தக் கதிரையில வேக விடுறியள்.

எங்க போயிட்டார் இப்ப. பெட்டிக்கு முன்னால ஆள் இல்லை. இதுதான், இப்பிடித்தான், கண்ணை மூடித் திறக்கிறதுக்கிடையில ஆள் இல்லை, பெரிய கடை, துலைஞ்சுபோனார் எண்டால் ஒலிபெருக்கியில பேர் சொல்லிக் கூப்பிடுவினம், சிற்றம்பலம் எண்டு அவங்கள் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கடை பூட்டிடும். எழும்பினன். முழங்கால் மடக்கெண்டுது. மரச்சீவல் பக்கற்றுகள் அடுக்கின தட்டுக்குப் பக்கத்தால போக, தட்டுக்கு மற்றப் பக்கம் இவரின்ர குரல். இங்கிலீசில. இவரின்ர இங்கிலீசு ஃபக்ரறியில படிச்சது, ஒவ்வொரு சொல்லாய் எடுத்து வைப்பார், எனக்குத் தமிழை மாதிரியே விளங்கும். பக்கற்றுகளுக்கு இடையில சாவித்திரியின்ர மண்ணிறச் சட்டை தெரியுது. திரும்பவும் அதேதான் கேக்கிறார், தானாய் நிக்கும்தானே எண்டு. நேரம் முடிஞ்சால் நிக்கும் எண்டு அவள் சொல்லுறாள். நிச்சயமாய் நிக்குமோ, ஒருத்தரும் தொடாட்டிலும் நிக்குமோ எண்டு கேக்கிறார். நிக்கும் எண்டுறாள். மகளுக்கு ஒரு செய்தியும் போகாதுதானே. இந்தச் சின்னதில போகாது எண்டுறாள். பிறகு இவர் சொல்லுறார், அவ மறக்கிறா எண்டு. இப்ப கொஞ்சம் கூடிப்போச்சு எண்டு. அடுப்பு, மருந்து, இப்ப வீட்டுக்கு வாற பாதை. ஆரை. ஆரைச் சொல்லுறார். தன்ர தமக்கையைச் சொல்லுறாராக்கும், அவ செத்துப் பத்து வருசம். அவ நல்லாய்ச் சமைப்பா எண்டு சொல்லுறார். அடுப்பைக் கழட்டின நாளிலயிருந்து அவ சும்மா கராஜில போய் நிண்டுபோட்டு வாறா, ஏன் வந்தனான் எண்டு தெரியாமல் நிக்கிறா, எனக்கு அதைப் பார்க்க ஏலாமல் கிடக்குது எண்டுறார். உமக்கு மறதி, நீர் நெருப்புக்குக் கிட்டப் போகாதையும் எண்டு நான் என்னெண்டு சொல்லுறது. அதுதான் இந்தப் பெட்டியில எனக்கு ஆசை எண்டு அவவுக்குச் சொல்லியிருக்கிறன். எனக்குப் புகை இறைச்சி பிடிக்கவும் பிடிக்காது, வயிறு ஊதும் எண்டுறார். இவர் சொல்லச் சாவித்திரி சிரிச்சிட்டாள், பிறகு சிரிப்பை நிப்பாட்டி, இவரின்ர கையில ஒருக்காத் தட்டினாள்.

பக்கற் ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான், செர்ரி மரம். முதலில கொதிதான் வந்தது. முன்பின் தெரியாத கடைப் பொம்பிளையிட்டை என்னைப் பற்றிக் கதைக்கிறார், எனக்கு மறதியாம், எனக்கு, எல்லாக் கதவையும் பூட்டித் திரியிற எனக்கு. போய் மறிச்சு நல்ல கேள்வி ரெண்டு கேக்கவேணும் எண்டு அடி வைச்சன். அந்த நேரம்தான் பார்த்து அந்த விளம்பரச் சுருள் கண்ணுக்கு முன்னால வருது. நெருப்பு வண்டி வந்து நிக்க, ஒழுங்கை முனையிலயிருந்து ஓடி வாறார், செருப்பு ஒண்டு கழண்டுபோச்சு, கையில விளம்பரம். ஒழுங்கை முனையிலயிருந்து. அப்ப அவர் வீட்டிலயே இல்லை. அப்ப நான் ஆருக்குச் சொன்னனான், பால் வத்தினால் நூத்துவிடுங்கோ எண்டு. சொல்லு வாயில கிடக்குது, முகம் இல்லை. முகம் எப்பிடி வரும், ஆள் நிண்டால்தானே. தொப்பிக்காரன் கேக்கேக்க நான் என்ன சொல்ல வாயைத் திறந்தனான். பிறகு அந்தத் தொடை, மூட்டில ஒரு வெட்டு, மற்றப்படி முழுசு. இவருக்கு வெட்டுவிக்கத் தெரியாது, அண்டைக்கும் தெரியாது, இண்டைக்கும் தெரியாது. காரும் ஓடுறதில்லை. கொடி ஏறின கிழமை நான் காரை எடுத்துக்கொண்டு எங்க போனனான், முருங்கைக்காய் வாங்கப் போனனான், வாங்கினனானோ, வீட்டில முருங்கைக்காய் இல்லையே. முருகா. நல்லூர்க் கொடி ஏறியிருக்க இந்தக் கையால. கை திரும்பவும் விறைச்சுது, இஞ்ச ஃபிரீசர் ஒண்டும் இல்லை. பக்கற்றை இருந்த இடத்தில வைச்சுப்போட்டு வந்து கதிரையில இருந்தன், விலை மட்டை முன்னுக்கு வந்து மடியில விழுந்துது, தள்ளேல்லை.

வாறார். ஒண்டும் தெரியாத மாதிரி நடந்து வாறார், முகத்தில ஒரு புழுகம், விளையாட்டுச் சாமான் கேக்கிற பெடியன்ர முகம், எப்ப பழகினாரோ இந்த நடிப்பு. கண்ணுக்குக் கீழதான் நடிப்பு இல்லை, நித்திரை இல்லாத கண். எனக்கு முன்னம் எழும்பிப் போய் அடுப்பைப் பார்க்கிற கண். "சின்னதையே எடுப்பம், என்ன" எண்டார். "எனக்கு உந்தக் கறுப்புத்தான் பிடிச்சிருக்குது." ஓம் எண்டு சொல்லியிருக்கலாம் நான். சொல்லேல்லை. "ஃபிரீசருக்க ஒரு ஆட்டுத்தொடை கிடக்குது" எண்டன். கதிரைக் கையைத் தடவினார். "கண்டிட்டீரோ" எண்டார். "ஆர் வாங்கினது" எண்டு கேட்டன். என்னைப் பார்த்தார். இவருக்குப் பொய் சொல்ல வராது, கலியாணம் கட்டின நாளிலயிருந்து தெரியும், மூக்கைச் சொறிவார். மூக்கைச் சொறிஞ்சார். "நான்தான்" எண்டார். "கொடி ஏறினதை மறந்துபோனன் புவனம். பிறகு நீர் கண்டால் மனம் நோவீர் எண்டு கீழ வைச்சனான்." தொப்பிக்காரனுக்குச் சொன்ன அதே நான். அழுதால் எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு எண்டு இவர் கண்டிடுவார், பிறகு ரெண்டு பேருக்கும் ஒண்டும் மிச்சமிருக்காது. "உங்களுக்கு வர வர மறதி கூடிப்போச்சு" எண்டு ஏசினன். "ஓம்" எண்டார். "வதனிக்குச் சொல்லிப்போடாதையும்" எண்டார். நான் ஏன் சொல்லுறன் எண்டன்.

பெட்டியைச் சாவித்திரியும் இவருமாய்த்தான் காருக்குள்ள ஏத்தினது, முதுகை வளைக்காமல் தூக்குங்கோ எண்டு சொல்லச் சொல்ல வளைச்சுத்தான் தூக்கினார், சொன்னால் கேக்கிற மனுசன் எண்டால் நான் ஏன் இப்பிடிக் கத்துறன். பின் சீற்றில பெட்டி ஒரு ஆள் மாதிரி இருக்குது, பெல்ற் வேற போட்டுவிட்டிருக்கிறார். கார் நிப்பாட்டுற இடத்தாலயிருந்து றோட்டுக்கு ஏறுற வாசலில நிப்பாட்டினன். ரெண்டு பக்கமும் கார் போகுது, வருது. ரெண்டு பக்கமும் அதே மரம், அதே விளக்குக் கம்பம், அதே வெய்யில். வந்த வழி தெரியும் எனக்கு, பாலம் ஒண்டு வரும், பாலத்துக்கு முதல் என்னவோ வரும். இவர் வாயைத் திறக்கேல்லை. காலமை ஏசினது நினைவிருக்குது போல, யன்னலால வெளியில பார்த்துக்கொண்டு இருக்கிறார், ரெண்டு கையும் மடியில. பின்னால வந்தவன் ஹோர்ன் அடிச்சான். திரும்பவும் அடிச்சான்.

"ஏன் பேசாமல் இருக்கிறியள், சொல்லுங்கோவன்" எண்டன். "இதில எந்தப் பக்கம்."